வளவுக் குழுவில் மூன்று நாள்

(வளவு என்பது எங்கள் குடும்பத்தின் போன் குழு. அதில் சொக்கு, அவனுடைய ஆத்தா மெய்யம்மை, அக்கா வள்ளி, ஆத்தாவை ஆச்சி என்று கூப்பிடும் அவருடைய தம்பி லெட்சுமணன் அம்மான், ராமநாதன் பெரியப்பா.)

திங்கள்

சொக்கு, காலை 6.50
நவி மும்பை வந்து சேர்ந்துவிட்டேன். இன்று முதல் மூன்று நாள் பாதுகாப்புப் பயிற்சி. போசியட் என்று பேர். இந்தச் சான்று இல்லாமல் கடலுக்குள் இருக்கும் எண்ணெய்த் தளத்துக்குப் போகும் ஹெலிகாப்டரில் ஏற்ற மாட்டார்கள். போனை லாக்கரில் வைக்கச் சொல்வார்கள், மாலையில்தான் பேச முடியும்.

மெய்யம்மை, காலை 6.58
சாப்பிட்டாயா அப்பா? ஹெலிகாப்டர் போல ஒரு கூண்டில் உட்காரவைத்துத் தண்ணீருக்குள் தலைகீழாகக் கவிழ்ப்பார்களாமே, வள்ளி சொன்னாள். உனக்கு நீச்சலே தெரியாதே. ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

வள்ளி, காலை 7.03
நான் வீடியோ பார்த்தேன் தம்பி, அதை ஆத்தாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. அம்மானிடம் கேளுங்கள் ஆத்தா, அவர் நாலைந்து தடவை செய்தவர்.

லெட்சுமணன், காலை 7.20
ஆச்சி, பயப்பட வேண்டாம். அது நீச்சல் போட்டி இல்லை. நீச்சல் தெரியாதவர்களும் வருகிறார்கள், லைஃப் ஜாக்கெட் போட்டுத்தான் எல்லாம். குளத்துக்குள் ஒவ்வொருவர் பக்கத்திலும் டைவர் இருப்பார். அபுதாபிக்கு வந்த புதிதில் நானும் நடுங்கினேன். முழுப் பயிற்சி ஒரு தடவைதான், அப்புறம் 4 வருடத்துக்கு ஒருமுறை ஒரு நாள் மறுபயிற்சி. அதனால்தான் எனக்கு இத்தனை தடவை ஆயிற்று.

சொக்கு, மாலை 6.40
முதல் நாள் முடிந்தது. முதலுதவி, தீயணைப்பு, அப்புறம் புகை அறை. புகை அறையில் என் கையே எனக்குத் தெரியவில்லை. தரையோடு தவழ்ந்து, சுவரைப் புறங்கையால் தடவிக்கொண்டே போக வேண்டும். உள்ளங்கையால் தடவினால், மின்கம்பி அறுந்து கிடந்தால் கை அதையே இறுக்கிப் பிடித்துக்கொள்ளுமாம். புறங்கை என்றால் உதறிவிடும். இதெல்லாம் இத்தனை நாள் எனக்குத் தெரியாது.

மெய்யம்மை, மாலை 6.44
தீ எல்லாம் அங்கே வருமா?

ராமநாதன் பெரியப்பா, மாலை 7.15
மெய்யம்மை, ஒளிக்காமல் சொல்கிறேன், தெரிந்திருப்பது நல்லது. நான் காரைக்குடி சிக்ரி மின்வேதியியல் ஆய்வகத்தில் இருந்தபோது மண்டபத்துக்குப் போய் இரும்புத் தகடுகளைக் கடலுக்குள் தொங்கவிட்டு வருவோம். சில மாதம் கழித்து எடுத்தால் சொரசொரவென்று அரித்து, சிப்பி ஒட்டி, போட்ட தகடுதானா என்று இருக்கும். அந்தக் கடலுக்கு நடுவில் இரும்புக்கால் ஊன்றி, உள்ளே எரிவாயுவை வைத்துக்கொண்டு மனிதர்கள் தூங்கி எழுகிறார்கள். அதற்கு ஏற்ற கவனம் வேண்டும்.
1988 ஜூலை 6 அன்று வட கடலில் பைப்பர் ஆல்ஃபா என்ற தளம் எரிந்தது. 167 பேர் இறந்தார்கள், 61 பேர் தப்பினார்கள். ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைப் பழுது பார்க்கக் கழற்றியிருந்தார்கள். அந்தத் தகவல் இரவு ஷிஃப்டுக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. அவர்கள் அந்தப் பம்பை ஓட்டினார்கள். வாயு கசிந்தது. தங்கும் பகுதியில் ஹெலிகாப்டருக்காகக் காத்திருந்தவர்கள் பலர் புகையில் போய்விட்டார்கள். தப்பியவர்களில் பலர் கயிற்றில் இறங்கியோ குதித்தோ தாங்களே கடலுக்குப் போனவர்கள். சொக்கு, நீ இன்ஸ்ட்ருமென்ட் வேலைக்குப் போகிறாய். வேலைக்கான அனுமதிச் சீட்டை, அந்தப் பர்மிட்டைப் படிக்காமல் எதையும் தொடாதே, படித்ததை அடுத்த ஷிஃப்டுக்காரனிடம் வாயால் சொல்லாமல் இறங்காதே.

சொக்கு, மாலை 7.22
சரி பெரியப்பா. இன்று வகுப்பிலும் இதைத்தான் முதலில் சொன்னார்கள்.

லெட்சுமணன், மாலை 7.40
நம் பக்கத்திலும் நடந்திருக்கிறது. 2005 ஜூலை 27, மும்பைக்கு அப்பால் கடலில் இருக்கும் மும்பை ஹை எண்ணெய் வயல். காயம்பட்ட ஒருவரைத் தளத்தில் ஏற்றிவிட வந்த கப்பல், தளத்தின் எரிவாயுக் குழாயில் மோதி, தளமே எரிந்து விழுந்தது. 22 பேர் போனார்கள். ஆனால் 362 பேரைக் காப்பாற்றினார்கள் ஆச்சி. அதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

வள்ளி, இரவு 8.30
அப்பத்தா சொல்வதை அப்படியே எழுதுகிறேன்: "உங்க ஐயா கடல் தாண்டி வியாபாரத்துக்கு, கொண்டு விக்கப் போனப்ப நாகப்பட்டினத்துல ரஜூலா கப்பல் கரைக்கே வராது. தள்ளி நிக்கும். படகுல போயி, அலை தூக்குற நேரம் பாத்துத்தான் ஏணியப் பிடிக்கணும். ஏறுறவுகளுக்கு யாரு பயிற்சி குடுத்தா? இவனுக்குச் சொல்லிக் குடுத்து அனுப்புறாக, நல்லதுதானே."

செவ்வாய்

மெய்யம்மை, காலை 5.30
பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கச் சொல்லியிருக்கிறேன். பதறாமல் செய்.

லெட்சுமணன், காலை 6.10
சொக்கு, மூன்று விஷயம் மட்டும் மனதில் வை. ஜன்னல் பக்கத்துக் கை ஜன்னலை விட்டு வரவே கூடாது. கூண்டுக்குள் இருக்கும்போது லைஃப் ஜாக்கெட்டை ஊத விடாதே, ஊதினால் அது உன்னை மேலே தூக்கி உள்ளேயே அழுத்திவிடும், வெளியே வரவே முடியாது. சின்ன காற்று உருளையில் மூச்சு எடுத்தால், மேலே வரும்போது மூச்சை அடக்காதே, விட்டுக்கொண்டே வா. அடக்கினால் நுரையீரலுக்கு ஆபத்து.

சொக்கு, மாலை 5.15
முடிந்தது ஆத்தா. நன்றாக இருக்கிறேன்.

வள்ளி, மாலை 5.15
அப்பாடா!

சொக்கு, மாலை 5.50
விவரமாக எழுதுகிறேன்.
ஹெலிகாப்டர் போலவே ஒரு கூண்டு, கிரேனில் தொங்குகிறது. உள்ளே இருக்கை, நான்கு வார் பெல்ட், தள்ளினால் கழன்று விழும் ஜன்னல். எஞ்சினும் கியர்பாக்ஸும் ஹெலிகாப்டருக்கு மேல்பக்கம் இருப்பதால், கடலில் விழுந்தால் அது சட்டென்று கவிழ்ந்துவிடும். அதற்குத்தான் இந்தப் பழக்கம்.
தண்ணீர் கால், இடுப்பு, மார்பு என்று ஏறியது. கழுத்துக்கு வந்ததும் மூச்சை இழுத்துக்கொண்டேன். கூண்டு சுழன்றது. மூக்கு வழியாகத் தண்ணீர் ஏறி நெற்றிக்குள் எரிந்தது. எது மேல், எது கீழ் என்று தெரியவில்லை. எனக்கு ஒரே நினைப்புதான், கட்டிலிருந்து விடுபட வேண்டும். பெல்ட்டை முதலில் கழற்றிவிட்டேன். அது தவறு. கழற்றியதும் உடம்பு மிதந்து எங்கோ போய் முட்டியது. கையை எந்தப் பக்கம் நீட்டினாலும் இருக்கைதான் தட்டுப்பட்டது, ஜன்னல் இல்லை. டைவர் தோளைப் பிடித்து வெளியே கொண்டுவந்தார். கரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். போதும், ஊருக்குத் திரும்பிவிடலாம் என்றுகூட நினைத்தேன்.
பயிற்சியாளர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். திட்டவில்லை. "பெல்ட் உன்னைக் கட்டிப்போடவில்லை தம்பி, ஜன்னல் இருக்கும் இடத்திலேயே உன்னை வைத்திருக்கிறது" என்றார். அவர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். அந்த வார்த்தை எனக்கு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது.
அடுத்த முறை கண்ணை மூடிக்கொண்டேன். ஜன்னல் விளிம்பில் ஒரு ரப்பர் பட்டை இருக்கிறது, அதற்குள் விரலை மடக்கி வைத்தேன். கூண்டு கவிழ்ந்து ஆட்டம் நிற்கும்வரை மனதுக்குள் எண்ணினேன். ஏழு வரை வந்தது. முழங்கையால் ஜன்னலைத் தள்ளினேன், கழன்றது. விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, அப்புறம்தான் பக்கிளில் கை வைத்தேன். இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். யாரும் என்னைத் தொடவில்லை. அதற்குப் பிறகு இரண்டு தடவை, இரண்டும் சரியாக வந்தது.

லெட்சுமணன், மாலை 6.05
முதல் தடவை பெல்ட்டைக் கழற்றாதவர் குறைவு. திரும்ப உள்ளே போய் உட்கார்ந்தாய் பார், அது பெரிய விஷயம் மாப்பிள்ளை.

மெய்யம்மை, இரவு 9.10
சொக்கு, இதை இத்தனை வருடமாக உன்னிடம் சொன்னதில்லை. எனக்குப் பத்து வயதில் பெரியப்பா மகன் ஒருவன் கண்மாயில் போய்விட்டான். என் கூடவே வளர்ந்தவன். கல் படி கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததாம். சேற்றில் கால் மாட்டியதும் பதறி, படியை விட்டுவிட்டு உதைத்துக்கொண்டே உள்ளே போய்விட்டான் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அதிலிருந்து எனக்குத் தண்ணீர் என்றாலே ஆகாது. உன் வயதுப் பிள்ளைகள் எல்லாம் தோட்டத்துக் கிணற்றில் குதித்தபோது உன்னைக் கதவைச் சாத்தி வைத்தேன். நீ அழுவாய். பாதுகாப்பு என்று நினைத்துச் செய்தேன். இன்று நீ எழுதியதை நாலு தரம் படித்தேன். உன்னைக் கற்றுக்கொள்ள விட்டிருக்க வேண்டும்.

சொக்கு, இரவு 9.14
ஆத்தா, அப்படி நினைக்காதீர்கள். போன் பண்ணுகிறேன், எடுங்கள்.

புதன்

சொக்கு, மாலை 4.30
கடல் உயிர்காப்பும் முடிந்தது. சான்று வந்துவிட்டது. உயரத்திலிருந்து குதிக்கும்போது ஒரு கை மூக்கையும் வாயையும் பொத்தி, மறு கை ஜாக்கெட்டைக் கீழே இழுத்துப் பிடித்து, பார்வையை நேராக வைத்துக் காலை எடுத்து வைக்க வேண்டும். கீழே குனிந்து பார்த்தால் முகம் அடிபடும். தண்ணீரில் எல்லோரும் கை கோத்து வட்டமாக ஒட்டிக்கொண்டால் உடம்புச் சூடு சீக்கிரம் குறையாது, தேடுபவர் கண்ணுக்கும் தெரிவோம். கவிழ்ந்த உயிர்காப்பு மிதவையை ஒரே ஆள் நிமிர்த்தலாம். காஸ் உருளைப் பக்கம் ஏறி நின்று, வாரைப் பிடித்துப் பின்னால் சாய்ந்தால் போதும். நான் தனியாக நிமிர்த்தினேன் ஆத்தா.

ராமநாதன் பெரியப்பா, மாலை 4.48
சந்தோஷம் தம்பி. பர்மிட் விஷயத்தை மறக்காதே.

வள்ளி, மாலை 5.02
என் மகள் உமையாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தனக்கும் நீச்சல் வேண்டும் என்று நிற்கிறாள். ஏழு வயதுதான் ஆகிறது. ஆத்தா என்ன சொல்வீர்களோ என்று நான் ஒன்றும் பேசவில்லை.

மெய்யம்மை, மாலை 5.40
படிக்கட்டு உள்ள கிணறாகப் பாருங்கள். லெட்சுமணா, நீ விடுமுறைக்கு எப்போது வருகிறாய்?

லெட்சுமணன், மாலை 5.52
அடுத்த மாதம் 3ஆம் தேதி வந்துவிடுவேன் ஆச்சி. காரைக்குடியில் நல்ல டியூப் வாங்கி வருகிறேன். நம் காலத்துச் சுரைக்குடுக்கை இப்போது எங்கே கிடைக்கும்! சொக்குவும் கூட இறங்கட்டும், அவன் கடலுக்குப் போக இன்னும் நாள் இருக்கிறதே.

மெய்யம்மை, மாலை 5.55
நானும் வந்து படியில் உட்காருவேன். சொக்கு, பல்லவன் ரயிலில்தானே வருகிறாய்? ராத்திரி ஆகிவிடும், அத்தானை ஸ்டேஷனுக்கு அனுப்புகிறேன். கவுனி அரிசி ஊறப்போட வேண்டும், எந்த நாள் என்று சரியாகச் சொல்.

சொக்கு, மாலை 5.57
வெள்ளிக்கிழமை ஆத்தா.