பக்கத்து வீட்டு தாத்தா பாட்டி மிஷனரியா கானா போறாங்களாம், இதெல்லாம் எப்படி நடக்குது?

யூட்டாவாசி:
நாங்க யூட்டால லீஹைல இருக்கோம். பக்கத்து வீட்டுக்காரருக்கு 68, ஸ்கூல் வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவர், அந்தம்மாவுக்கு ரெண்டு வயசு கம்மி. மார்மன் சர்ச், அமெரிக்கால ஆரம்பிச்ச ஒரு கிறிஸ்தவ சபை. போன வாரம் வந்து, நாங்க 18 மாசம் கானா போறோம், அப்பப்ப வீட்ட ஒரு கண்ணு பாத்துக்கோங்கன்னு என்னவோ மார்க்கெட் போயிட்டு வர்ற மாதிரி சொல்லிட்டு போயிட்டாங்க. வெள்ளைச் சட்ட டை போட்ட சின்ன பசங்க சைக்கிள்ல வருவாங்களே, அவங்களதான் நான் பாத்திருக்கேன், இந்த வயசுல இவங்களும் வீடு வீடா போய் கதவ தட்டணுமா? சர்ச் சம்பளம் தருமா? அவருக்கு பிபி, சுகர் ரெண்டும் இருக்கு. எங்கம்மா இப்ப இங்கதான் இருக்காங்க, பேரப்பிள்ளைங்கள விட்டுட்டு எப்படிடா ஒன்றரை வருஷம்னு அவங்களுக்குத்தான் என்னைவிட கவலை.

பழைய ப்ரோவோக்காரன்:
சம்பளம் ஒரு பைசா கிடையாது ப்ரோ, கைக்காசுதான். வாடகை, சாப்பாடு எல்லாம் அவங்க பென்ஷன், சேமிப்புல இருந்து போகும். வாடகை நிறைய பேருக்கு கட்டுப்படி ஆகலன்னு 2011ல ஒரு உச்சவரம்பு வச்சாங்க, அப்ப மாசம் 1400 டாலர், அதுக்கு மேல போனா சர்ச் பாத்துக்கும். 18 மாசத்துக்கு கம்மியா வெளிநாடு போகணும்னா டிக்கெட்டும் சொந்தச் செலவுன்னு அப்பவே சொல்லிட்டாங்க, உங்க ஆளுங்க 18 போறாங்க, அதனால அது தப்பிச்சது.

கதவு தட்டுற வேலையெல்லாம் பசங்களோடது. வயசானவங்களுக்கு பசங்களோட அந்த கண்டிப்பான டைம்டேபிளும் கிடையாது, யூட்டால ப்ரோவோல ஒரு வாரம் போல ட்ரெயினிங், அவ்வளவுதான். கானா தலைநகர் அக்ரால 2004லயே சர்ச்சோட டெம்பிள் (விசேஷ சடங்குகளுக்கான கட்டடம்) திறந்தாச்சு, அங்க வேலை செய்யப் போவாங்க, இல்லன்னா ஆபீஸ் கணக்கு, தண்ணி ப்ராஜெக்ட், வீல்சேர் குடுக்குறதுன்னு எதாவது. இன்னொரு வேலை இருக்கு, அந்த 19, 20 வயசு பசங்க தங்கியிருக்கிற வீட்ட போய் செக் பண்றது. ஃப்ரிட்ஜ திறந்தா பூஞ்ச பிடிச்ச சோறு, சிங்க்ல மலை மாதிரி பாத்திரம், பாட்டிங்க திட்டிட்டே அதையும் கழுவி வச்சிட்டு வருவாங்க :)

அடையார்அக்கா:
நான் அதே சர்ச்தான், சென்னை. எங்க பிராஞ்சுக்கும் (சின்ன உள்ளூர் சபை) இப்படி ஒரு அமெரிக்க ஜோடி வந்திருந்தாங்க. பிரசங்கம்னு பெருசா ஒண்ணும் பண்ணல, சர்ச்சுக்கு வராம நின்னு போனவங்க வீட்டுக்கெல்லாம் போய் ப்ளாஸ்டிக் சேர்ல உக்காந்து சும்மா பேசிட்டு வருவாங்க, சாயங்காலம் பசங்களுக்கு கீபோர்ட் கிளாஸ். இதுல சங்கடம் என்னன்னா எங்க சர்ச் விதிப்படி நாங்க காபி, டீ குடிக்க மாட்டோம். மெம்பர் வீடுன்னா தெரியும், பக்கத்து வீட்டு மாமி ஆசையா ஃபில்டர் காபி போட்டு கொண்டு வந்து நீட்டினா என்ன பண்றது? வேணாம்னா மூஞ்சி சுருங்கிடும். கடைசில தெருவே அவங்களுக்கு ஹார்லிக்ஸ்னு முடிவு பண்ணிடுச்சு.

உங்கம்மாகிட்ட சொல்லுங்க, பேரப்பிள்ளைங்க விஷயம்தான் அவங்களுக்கும் கஷ்டம், காசு இல்ல. இங்க வந்திருந்த அந்த ஆண்ட்டி பேரப்பிள்ளைங்களோட வீடியோ கால் வச்சிட்டு கொஞ்ச நேரம் யார்கூடவும் பேச மாட்டாங்க.

கேள்வி கேப்பவன்:
தப்பா எடுத்துக்காதீங்க, பென்ஷன் வாங்குற வெள்ளக்காரங்க போய் கானாக்காரனுக்கு கணக்கு எழுத சொல்லித் தரணுமா என்ன? அந்த டிக்கெட் காசுல அங்கயே ரெண்டு பேருக்கு வேலை குடுக்கலாம்.

அடையார்அக்கா:
@கேள்வி கேப்பவன் நியாயமான கேள்விதான். எங்க ஊர்லயும் நல்லவங்களும் வந்தாங்க, எல்லாம் எங்களுக்குத்தான் தெரியும்னு வந்தவங்களும் இருந்தாங்க. ஆனா காசு அவங்களோடது, அவங்க போகலன்னா அது கானாவுக்கு போகப் போறதில்ல, ஃப்ளோரிடா க்ரூஸுக்குத்தான் போகும்.

டல்லாஸ்நர்ஸ்:
சுகர் இருக்குன்னதால சொல்றேன், மெடிகேர் (65 வயசுக்கு மேல உள்ளவங்களுக்கான அமெரிக்க அரசு இன்ஷூரன்ஸ்) பொதுவா அமெரிக்காவுக்கு வெளிய செல்லாது, அதனால தனியா ஒரு இன்ஷூரன்ஸ் வேணும். அங்கதான் செல்லாதேன்னு அதுல டாக்டர் செலவுக்கான பார்ட் பி-ய கேன்சல் பண்ணிட்டு போயிட்டா, திரும்பி வந்து சேரும்போது ஒவ்வொரு முழு 12 மாசத்துக்கும் 10% பெனால்டி, அதுவும் பெரும்பாலும் ஆயுசுக்கும். கானாவுக்கு யெல்லோ ஃபீவர் ஊசி சர்டிஃபிகேட் கட்டாயம், மலேரியா மாத்திரைய ஏற்கனவே சாப்பிடுற மாத்திரையோட ஒத்துப் போகுதான்னு டாக்டர்கிட்ட கேக்கணும்.

அப்புறம் யூட்டாவாசி, சாவிய வாங்குறதுக்கு முன்னாடி அவங்க ஹோம் இன்ஷூரன்ஸ்ல கேட்டாங்களான்னு பாருங்க. வீடு 30 இல்ல 60 நாளுக்கு மேல ஆள் இல்லாம கிடந்தா சில பாலிசில பைப் வெடிச்சதுக்கு காசு தர மாட்டான். உங்க ஊர் குளிருக்கு அது சும்மா விஷயமில்ல.