வருசநாட்டுப் பள்ளத்தாக்கில் மூல வைகைக் கரையோரம் நடக்க வழி உண்டா?

வரும் தை மாதம் அப்பாவுடனும் தங்கையுடனும் தேனி மாவட்டத்தின் வருசநாட்டிலிருந்து மயிலாடும்பாறை வழியாகக் கடமலைக்குண்டு வரை, மூல வைகையின் கரையை ஒட்டி நிதானமாக நடக்கத் திட்டமிட்டிருக்கிறோம். அப்பாவுக்கு முழங்கால் வலி இருப்பதால் சமதளப் பாதையே தேவை. மேகமலைக் காடு 2021 முதல் புலிகள் காப்பகம் என்பதால் அதற்குள் நுழையும் எண்ணம் இல்லை.

செயற்கைக்கோள் வரைபடத்தில் கரையோரம் தெரியும் வண்டித்தடம் தென்னந்தோப்பு வேலிகளில் முட்டி நின்றுவிடுகிறது. பயண முகவர்களோ சுருளி, கும்பக்கரை அருவிகளைத் தாண்டிப் பேசுவதில்லை. தேனியிலுள்ள உறவினர்களுக்குப் பேருந்துச் சாலை மட்டுமே தெரியும். அந்தச் சாலையில் நடப்பதென்றால் வீட்டிலேயே இருந்துவிடலாம்.

மறுநாள், 2006இல் தமிழி எழுத்துள்ள சங்ககால நடுகற்கள் கண்டெடுக்கப்பட்ட புலிமான்கோம்பையைப் பார்த்துத் திரும்புவோம். கற்கள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டாலும், அவை நின்ற வைகைக் கரையைக் காண வேண்டும் என்பது அப்பாவின் நெடுநாள் ஆசை. அதற்கு வழி தெரியும். சிக்கல் முதல் நாள் நடையில்தான்.

வருசநாட்டுக்கும் கடமலைக்குண்டுக்கும் இடையே, தோப்புக்காரர்கள் தடுக்காமல் ஊர் மக்கள் இன்றும் நடந்து செல்லும் கரையோரப் பாதை எந்த ஊரில் தொடங்கி எந்த ஊர் வரை செல்கிறது?