பச்சை காட்டியும் போய்ச் சேராத லிங்குகள்: உங்கள் அனுபவம் என்ன?

எங்கள் மென்பொருளின் போன வெளியீட்டுக்கு மறுநாள் ஒரு பயனர் எழுதியிருந்தார். பதிப்பை உயர்த்தும் பக்கத்தில் ‘முதலில் இங்கே சொன்னபடி காப்பு நகல் எடுங்கள்’ என்று ஒரு லிங்க் கொடுத்திருந்தோம். அழுத்தியிருக்கிறார். பக்கம் திறந்து, உச்சியிலேயே நின்றுவிட்டது. அங்கே ஏதோ பொது அறிமுகம். இரண்டு பத்தி படித்துவிட்டு, இது நமக்குத் தேவையில்லை போல என்று திரும்பிப் போய் உயர்த்திவிட்டார். ஒரு வாரத் தரவு போயிற்று.

எங்களிடம் சோதனை இல்லாமல் இல்லை. ஒவ்வொரு புல் ரிக்வெஸ்ட்டிலும் (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) லிங்குகளைச் சோதிக்கும் லைச்சி என்ற கருவி ஓடுகிறது; அன்றும் பச்சைதான், பிழை இல்லை என்றது. ‘காப்பு நகல்’ என்றிருந்த தலைப்பை ‘தரவைப் பாதுகாத்தல்’ என்று மாற்றியது நான்தான். தலைப்பிலிருந்துதான் ஆங்கர் பெயர் (பக்கத்துக்குள் ஓர் இடத்தைச் சுட்ட, லிங்கில் # குறிக்குப் பின்னால் வருவது) தானாக உருவாகிறது, தலைப்பு மாறினால் ஆங்கரும் மாறும். # குறிக்குப் பின்னால் வருவதை உலாவி சர்வருக்கு அனுப்புவதே இல்லை. சர்வரைக் கேட்டால் பக்கம் இருக்கிறது, பதில் 200, அதாவது ‘சரி’. பக்கத்தை இறக்கி, அந்த ஆங்கர் பெயர் உள்ளே இருக்கிறதா என்று தேடினால்தான் தெரியும். லைச்சியில் அதற்குத் தனி விருப்பம் உண்டு, நாங்கள் போட்டிருக்கவில்லை. போட்டு ஓட்டியதும் 37 இடங்கள் சிக்கின.

இப்போது முக்கியமான தலைப்புகளுக்கு ஆங்கர் பெயரைக் கையாலேயே எழுதி வைக்கிறேன்.

———

எங்களுக்கு நேர்ந்தது இதற்கு நேர் எதிர். சோதனை சும்மா சும்மா சிவப்பாகும். ஒரே தளத்துக்கு நூற்றுக்கணக்கான லிங்குகள்; ஒரே மூச்சில் தட்டினால் அந்த சர்வர் 429 (‘கோரிக்கைகள் அதிகம்’) என்று தடுக்கும். சில தளங்கள் ஹெட் கோரிக்கைக்கு (பக்கத்தைக் கேட்காமல் அதன் விவரத்தை மட்டும் கேட்பது) 405, ‘இந்த முறைக்கு அனுமதியில்லை’, என்று தரும், கெட் என்று பக்கத்தையே கேட்டால் ஒழுங்காகத் திறக்கும். வாரம் மூன்று முறை இப்படி விழுந்ததில், எல்லோரும் என்னவென்று பார்க்காமலே மறுபடி ஓட்டப் பழகிவிட்டார்கள். அந்த இரைச்சலுக்குள் ஒரு நிஜமான 404 (‘பக்கம் இல்லை’) இரண்டு மாதம் கிடந்தது. நிறுவுவதற்கான கோப்பு அது! புதிதாக வந்தவர்கள் எத்தனை பேர் அங்கேயே திரும்பிப் போனார்களோ.

அப்புறம் பிரித்தோம். ஆவணத்துக்குள்ளேயே சுட்டும் லிங்க் உடைந்தால் மாற்றம் உள்ளே போகாது, பேச்சே இல்லை. வெளித்தளங்களை வாரம் ஒரு முறை நிதானமாகப் பார்க்கிறோம். 429 வந்தால் பதிலோடு வரும் ரிட்ரை-ஆஃப்டர் வரியில் சர்வர் சொன்ன நேரம் வரை காத்திருக்கிறோம். 404, 410 (‘நிரந்தரமாக நீக்கப்பட்டது’) என்றால் உடனே சரிசெய்யச் சொல்லி டிக்கெட். பதிலே வராத டைம்அவுட் என்றால் மூன்று வாரம் தொடர்ந்தால் மட்டும். விலக்குப் பட்டியலில் ஒரு தளத்தைச் சேர்ப்பவர் காரணத்தையும் பக்கத்திலேயே எழுத வேண்டும்.

———

இன்னொன்றையும் பாருங்கள். நீக்கிய பக்கத்துக்கு 404 தராமல் முகப்புக்குத் திருப்பிவிடும் தளங்கள் உண்டு. கருவிக்கு அது 200தான். ஆவணங்களை உருவாக்கும் ஸ்ஃபிங்க்ஸ் கருவியின் லிங்க்செக் சோதனை, திருப்பிவிடப்பட்டவற்றைத் தனியாகக் காட்டும். அந்த வரிகளை நான் கண்ணால் படிக்கிறேன். நீளமான முகவரி ஒன்று வெறும் முகப்பில் போய் முடிந்தால் சந்தேகப்படுவேன். போன மாதம் அப்படி நான்கு கிடைத்தன. இரண்டுக்கு வேபேக் மெஷின் என்ற இணையக் காப்பகத்தில் பழைய நகல் இருந்தது, அதைக் கொடுத்தேன். மற்ற இரண்டும் எதைச் சுட்டின என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த வாக்கியங்களையே எடுத்துவிட்டேன்.