கடனை அடைத்த பாட்டி வேலை வாங்க மறுத்தார்

எங்கள் ஊர் மலேசியாவில் சுங்கை சிப்புட். சபையில் ஒரு பாட்டி இருக்கிறார், ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டி ஓய்வு பெற்றவர். கத்தி பிடித்துப் பிடித்து வலது கைக் கட்டைவிரல் வளைந்தே போயிருக்கும்.

சபைக்கு வரும் ஒரு பையன் ஆலோங்கிடம், அதாவது மிரட்டி வசூலிக்கும் சட்டவிரோத வட்டிக்காரனிடம், கடன் வாங்கி மாட்டிக்கொண்டான். மோட்டார் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். வீட்டு கேட்டில் சிவப்புச் சாயம் ஊற்றினார்கள். நாங்கள் எல்லாரும் ஜெபித்தோம். பாட்டி ஜெபமும் பண்ணினார், தன் வளையல்களையும் விற்றார். போதகர் போய் வட்டியும் முதலுமாகக் கட்டிவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் சொல்ல வந்தேன். பையன் விடிந்ததும் பாட்டி வீட்டு வாசலில் நிற்பான். புல் வெட்டுவான், கால்வாய்க் குப்பையைத் தள்ளுவான், கூப்பிட்ட குரலுக்கு ஓடுவான். அவன் முகத்தில் பயம் மட்டும் போகவில்லை. ஒருநாள் என் கண்ணெதிரிலேயே பாட்டி அவன் கையிலிருந்த விளக்குமாற்றை வாங்கிச் சுவரில் சாய்த்தார். "கடன் தீந்துபோச்சுய்யா. நீ என் ஆளு இல்ல. எங்க தாத்தா கங்காணிக்குக் கடன்பட்டே செத்தாரு. அந்தப் பாவத்த எனக்குச் சேத்து வைக்காத."

மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறையை 1910-இல் நிறுத்தினார்கள். அப்புறமும், தோட்டத்துக்கு ஆள் பிடித்து வேலை வாங்கிய கங்காணியிடமும் தோட்டத்துக் கடையிலும் பட்ட கடன் எத்தனையோ குடும்பங்களைக் கட்டிப்போட்டது. அந்த வீட்டில் பிறந்தவருக்கு விலை கொடுத்து விடுவிக்கும் மீட்பு என்றால் என்னவென்று யாரும் விளக்கத் தேவையில்லை.

"நீங்கள் கிரயத்துக்குக் கொள்ளப்பட்டீர்கள், மனுஷருக்கு அடிமைகளாகாதிருங்கள்" என்று பவுல் எழுதியது கொரிந்து சபைக்கு. கி.மு. 44-இல் ஜூலியஸ் சீசர் அந்த ஊரைத் திரும்ப நிறுவியபோது குடியேறியவர்களில் விடுதலை பெற்ற அடிமைகள் நிறையப் பேர். ரோமச் சட்டத்தில் விடுதலையானவனும் பழைய எஜமானுக்குச் சில வேலைகள் செய்ய வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட ஊரில் இந்த வசனம் எப்படி விழுந்திருக்கும்! கிறிஸ்து கிரயம் கொடுத்தார். அதைக் காட்டி எந்த மனிதனும் இன்னொருவனிடம் வேலை வாங்க முடியாது. நான் இதை முழு மனதோடு நம்புகிறேன்.

பையன் கொஞ்ச நாள் சபைப் பக்கமே வரவில்லை. பிறகு தானாக வந்தான். இப்போது டயாலிசிஸுக்குப் போகிற பெரியவர்களை ஈப்போவுக்குக் காரில் கூட்டிப்போகிறான். யாரும் சொல்லவில்லை, பெட்ரோல் காசும் வாங்குவதில்லை. காத்திருக்கும் நேரத்தில் ஒரு தாத்தாவின் கால் நகத்தை வெட்டிவிடுகிறான் என்று கேள்விப்பட்டேன். "அன்பினாலே ஒருவருக்கொருவர் ஊழியஞ்செய்யுங்கள்" என்று கலாத்தியர் 5:13 சொல்வதற்கு முன்பாதி "சுயாதீனத்திற்கு அழைக்கப்பட்டீர்கள்" என்பது. பயம் போன பிறகுதான் அவனுக்கு அது வந்தது.

*

இதைப் படித்துவிட்டுப் பகாவ் ஊரிலிருந்து ஒரு சகோதரி எழுதியது:

அண்ணே, படித்து அழுதுவிட்டேன். எனக்கு நடந்தது வேறு மாதிரி. ஒரு விசுவாசியின் துணிக்கடையில் வேலை செய்தேன். சம்பளம் கேட்டால் "கர்த்தருக்கென்று செய்மா, பலன் பரலோகத்தில்" என்பார். நானும் கேட்பது பாவமோ என்று இருந்துவிட்டேன். எங்கள் சபை மூப்பர்தான் கொலோசெயர் 4:1-ஐ எடுத்துக் காட்டினார். வேலைக்காரருக்கு நீதியானதைச் செய்யுங்கள் என்று எஜமான்களுக்கே அங்கே கட்டளை இருக்கிறது. படித்துக் காட்டியதோடு விடவில்லை. தன் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு என்னோடு லேபர் ஆபீஸுக்கு வந்தார், படிவம் நிரப்பிக் கொடுத்தார், என் பெயரைக் கூப்பிடும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பாக்கிச் சம்பளம் முழுசும் கைக்கு வந்தது. அவருக்குச் சாப்பாடு வாங்கித் தரக் கேட்டேன், "முதல்ல அம்மாவுக்கு மருந்து வாங்கும்மா" என்று பஸ் ஏறிவிட்டார்.