பேக்பைப்பும் கிட்டாரும் சுருதி சேரவில்லை

கேள்வி: ஸ்காட்லாந்து பேக்பைப், கிட்டார், வயலின், பறை சேர்த்துப் புதிதாகக் குழு ஆரம்பித்திருக்கிறோம். கிட்டாரில் ஏ ஸ்வரம் வாசித்தால் பைப்போடு உரசுகிறது. எதை மாற்றுவது?

பதில் 1: தம்பி, பைப்பை அப்படியே விட்டுடுங்க, மற்ற வாத்தியங்கள்தான் அதுக்கு வரணும். அதில் ஏ என்று எழுதுவது பி ஃப்ளாட்டுக்கு (ஏ-க்கு அரை ஸ்வரம் மேல்) சற்று மேலே, 470–480 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். கிட்டாரில் முதல் ஃப்ரெட்டில் கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு ஏ கார்டு பிடிங்க, மிச்ச வித்தியாசத்துக்குத் தந்தியை முறுக்குங்க. பைப் வாசித்துச் சூடேறிய பிறகுதான் சேர்க்கணும். குளிர்ந்த ரீடுக்கு (பைப்பில் ஒலி எழுப்பும் பட்டை) சேர்த்தால் நடுப்பாட்டில் விலகிடும்.

பதில் 2: பைப்பின் ஸ்வர வரிசை ஹரிகாம்போதி ராகத்தோடு ஒத்துப்போகும், வயலின்காரர் அந்த ஸ்வரங்களிலேயே நிற்கட்டும். காகலி நிஷாதம் (உயர்ந்த நி) தொட்டால் பைப்போடு மோதும்.

பதில் 3: 6/8 ஜிக் (துள்ளல் நடன மெட்டு) என்றால் பறைக்குத் திஸ்ர நடை (மும்மூன்றாக எண்ணுவது), அருமையா உட்காரும். மேடையேறும் முன் தோலைத் தீயில் காய்ச்சுங்க. ஈரக்காற்றில் தொய்ந்தால் குச்சி அடி மழுங்கிப்போகும்.