உதவி: புது டிரோன் ரெக்கார்டு, ம்ம்ம்ம்னு ஒரே சத்தம். திருப்பி அனுப்பிடலாமா?

கோபி_117:
அண்ணன்களா, அவசரம். 300 காப்பி மட்டும் போட்ட ஒரு கிட்டார் டிரோன் (ஒரே சுரத்தை நீளமா இழுக்கிற இசை) எல்.பி.யை வெளிநாட்டுலேர்ந்து வரவழைச்சேன். கவர்ல பென்சில்ல 117/300னு எழுதியிருக்கு. கஸ்டம்ஸோட எவ்வளவு ஆச்சுன்னு வீட்டுல இன்னும் சொல்லல. போட்டா அடியில ம்ம்ம்ம்னு ஒரே சத்தம். வால்யூம் ஏத்தினா ஊளையே போடுது. தட்டு அச்சடிச்ச பிரஸ்ஸிங்லயே கோளாறா? வித்தவங்க நாளைக்குள்ள சொல்லச் சொல்றாங்க.

ஊசிமுனை:
டிரோன் ரெக்கார்டுல ம்ம்ம்ம்னு சத்தம் வருதா? அடுத்து இட்லியில உளுந்து இருக்குன்னு புகார் வரும்.

அம்பத்தூர்_ஆம்ப்:
என்ன டர்ன்டேபிள்? போனோ ப்ரீஆம்ப், அதான் ஊசியிலேர்ந்து வர்ற சின்ன சிக்னலைப் பெருசாக்குறது, தனியா இருக்கா, உள்ளேயே இருக்கா? ஸ்பீக்கர் எங்க? ஊசியைத் தூக்கினா சத்தம் நிக்குதா? இதையெல்லாம் சொல்லாம எப்படிப்பா?

தட்டுமேடை:
நிமிஷத்துக்கு 33 சுத்துல ஓட்டுறீங்களா, 45-லயா? 12 இன்ச்னாலே 33னு நினைச்சிடாதீங்க. இந்த மாதிரி இசையில வேகம் தப்பினாலும் காதுக்குப் பிடிபடாது. கிட்டார்காரர் ராபர்ட் ஃபிரிப்பும் இசையமைப்பாளர் பிரையன் ஈனோவும் 1973-ல போட்ட 'நோ புஸ்ஸிஃபூட்டிங்' 2008-ல மறுபதிப்பு வந்தப்போ, தலைகீழா ஓடுற வடிவத்தையும் பாதி வேக வடிவத்தையும் அவங்களே சேர்த்துக் கொடுத்தாங்க. உங்க லேபிள்ல என்ன போட்டிருக்கு?

கோபி_117:
லேபிள்ல ஒண்ணும் இல்லண்ணா. ஒரு மலைப் படம்தான்.

பழையதட்டு:
இந்தக் கேள்விக்கு நான் எத்தனை தடவை பதில் எழுதியாச்சு! தேடிப் பார்க்கிற பழக்கமே போச்சு. சரி, தம்பிக்காக இன்னொரு தடவை. தட்டுல பாஸை, அதான் அடிச்சுருதி சத்தத்தை, குறைச்சுத்தான் வெட்டுவாங்க. இல்லன்னா ஒரு வரிப்பள்ளம் பக்கத்து வரியில போய் முட்டும். குறைச்சதை ப்ரீஆம்ப் திரும்ப ஏத்தும், 50 ஹெர்ட்ஸ்ல ஏறக்குறைய 17 டெசிபல். நம்ம வீட்டுக் கரண்ட்டும் அதே 50 ஹெர்ட்ஸ். ஊசி மாட்டியிருக்கிற கார்ட்ரிட்ஜ் கொடுக்கிறதே சில மில்லிவோல்ட், அதோட கரண்ட் இரைச்சலும் சேர்ந்து ஏறினா ம்ம்ம்ம்தான். எர்த் மாட்டியிருக்கா?

கோபி_117:
இது எர்த் பேண்டு போட்ட தட்டு இல்லண்ணா. அவங்க 'எர்த் 2' என்கிட்ட சிடியா இருக்கு, அதுல பிரச்சினை இல்ல.

பழையதட்டு:
எர்த் ஒயர், தம்பி. ஒயர்.

சுருதிப்பெட்டி:
'எர்த் 2' பேச்சு வந்ததால கேக்கறேன். 1993-ல அமெரிக்காக்காரன் மூணே டிராக்கை 70 நிமிஷத்துக்கு மேல இழுத்தா புரட்சி. நம்ம தம்புரா காலங்காலமா அதைத்தானே பண்ணுது? அமெரிக்காவுல டிரோன் இசை எழுதின லா மான்டே யங்கே நம்ம இந்துஸ்தானி பாடகர் பண்டிட் பிரான் நாத்கிட்ட சிஷ்யனா இருந்தவர்.

ஊசிமுனை:
சேர்ந்தது 1970-ல. நீண்ட நீண்ட சுரமா வெச்சு அவர் 'டிரையோ ஃபார் ஸ்டிரிங்ஸ்' எழுதினது 1958-ல. எர்த்ங்கிறது பிளாக் சாபத்ங்கிற ஹெவி மெட்டல் பேண்டோட பழைய பேரு. அந்தப் பேரையே எடுத்து வெச்சுக்கிட்ட பேண்டுக்கு வேர் தேடித் தஞ்சாவூர் வரைக்கும் போகணுமா?

சுருதிப்பெட்டி:
தம்புரா வேண்டாம், விடுங்க. நாகஸ்வரத்துக்குப் பக்கத்துல கச்சேரி முழுக்க ஒரே சுரத்தைப் பிடிச்சுக்கிட்டு ஒத்துக்காரர் உக்காந்திருப்பாரே! சாவேரி போய் மோகனம் வந்தாலும் அவருக்கு அதே சுரம்தான். அவருக்குப் பதிலா எலக்ட்ரானிக் பெட்டியை வெச்சுட்டோம். இவங்களுக்கு மட்டும் நம்பர் போட்டு 300 காப்பி.

பழையதட்டு:
சுருதிப்பெட்டி சொல்றதுல நியாயம் இருக்கு.

ஊசிமுனை:
வந்துட்டார்யா ஒத்து ஊத.

அம்பத்தூர்_ஆம்ப்:
கோபி, இவங்க சண்டை விடியிற வரைக்கும் நடக்கும். நீ இதைப் பண்ணு. மோட்டாரை நிறுத்து. ஓடாத தட்டு மேல ஊசியை இறக்கி, வால்யூமை மெதுவா ஏத்து, ஒரு கை குமிழ் மேலேயே இருக்கட்டும். ஊளை கிளம்பினா தட்டு மேல தப்பில்ல. ஸ்பீக்கரோட அதிர்வு பலகை வழியா ஊசிக்கே திரும்பி வருது. கிட்டாரை ஆம்ப் முன்னாடி சாய்ச்சு வெச்சா கத்துமே, அதே கதை. உன் பேண்டுக்காரங்க கஷ்டப்பட்டு வரவழைச்ச சத்தத்தை உன் அலமாரி சும்மாவே வரவழைக்குது.

கோபி_117:
ஊளை வருது அண்ணா!! ஸ்பீக்கர் அதே ஷெல்ஃப்லதான் இருக்கு, அதையெல்லாம் சொல்லணுமா? ஊசியைத் தூக்கினா ஊளை நிக்குது, ஆனா ம்ம்ம் லேசா இருக்கு. ஆம்ப் மேல கை வெச்சா குறையுது.

அம்பத்தூர்_ஆம்ப்:
அப்ப ரெண்டு கோளாறு. ஸ்பீக்கரைக் கீழ இறக்கு. கை வெச்சா குறையறது எர்த் வேலை. சிவப்பு, வெள்ளை பின்னோட மெல்லிசா மூணாவதா ஒரு ஒயர் வரும், முனையில கவட்டை மாதிரி இருக்கும். அதை ப்ரீஆம்ப் பின்னாடி திருகுல மாட்டு.

பழையதட்டு:
இதைத்தான் நான் முதல்லயே சொன்னேன்.

(மூணு நாள் கழிச்சு)

கோபி_117:
அந்த ஒயர் பேக்கிங் டேப்போட சுருட்டினபடியே பின்னாடி இருந்துச்சு. மாட்டினேன், ம்ம்ம் போச்சு. ஸ்பீக்கர் இப்ப முக்காலியில. ரெண்டாவது பக்கம் முதல் நாலு நிமிஷம் சத்தமே இல்லன்னு இப்பத்தான் தெரியுது. நன்றி அண்ணன்களா.

தட்டுமேடை:
எல்லாம் சரி, 33-ஆ 45-ஆ?

தட்டுமேடை:
கோபி?