மூன்றாம் கட்சி வேட்பாளர் ஓட்டைப் பிரிப்பாரா? அன்றாட வாசிப்பில் இதை எப்படிப் படித்துத் தெளிவது?

செம்பருத்தி:

அமெரிக்க அதிபர் தேர்தலைப் பற்றிய கேள்வி. ஓட்டு மிச்சிகனில். தேர்தல் ஆண்டு வந்தாலே இரவில் புத்தகத்துக்கென்று ஒதுக்கிய அரை மணி நேரத்தைக் கருத்துக்கணிப்பும் அலசல் கட்டுரைகளும் விழுங்கிவிடுகின்றன. பாதிக்கு மேல் ஒரே பேச்சுதான்: பசுமைக் கட்சிக்கோ லிபர்டேரியன் கட்சிக்கோ போடும் ஓட்டு, பிடிக்காதவரை ஜெயிக்க வைக்கும் ஓட்டு என்று ஒரு தரப்பு. அதெல்லாம் பூச்சாண்டி, பெரிய கட்சிகள் ஓட்டுக்காக மிரட்டுகின்றன என்று மறுதரப்பு. இரு தரப்பும் 2000, 2016 என்று ஆண்டைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. கணக்கைக் காட்டுவதில்லை.

இந்தக் கவலையில் எவ்வளவு உண்மை என்று நாமே சரிபார்க்க வழி உண்டா? எதைப் படிக்கலாம், எந்த வரிசையில் படிக்கலாம்? கதை, கவிதை படிக்கும் நேரத்தைப் பறிகொடுக்காமல் செய்ய முடிந்தால் நல்லது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்கன்:

வழி உண்டுங்க. ஒரே ஒரு வகுத்தல்தான். ஆனால் மாநிலம் மாநிலமாகப் போட வேண்டும். நாடு முழுக்க வாங்கிய சதவீதத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. 1992இல் ராஸ் பெரோ 18.9 சதவீதம், அதாவது 1 கோடியே 97 லட்சம் ஓட்டு வாங்கினார். ஆனால் அதிபரைத் தேர்ந்தெடுப்பது தேர்வாளர் வாக்கு. பெரும்பாலான மாநிலங்களில் முதலிடம் பிடித்தவருக்கே அந்த மாநிலத்தின் தேர்வாளர் வாக்கு முழுதும் போகும். பெரோவுக்கு அதில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. 1968இல் ஜார்ஜ் வாலஸ் வாங்கியது 13.5 சதவீதம்தான். தெற்கே ஐந்து மாநிலங்களைப் பிடித்ததால் 45 தேர்வாளர் வாக்கு, வட கரோலினாவில் கட்சி மாறிப் போட்ட ஒரு தேர்வாளரால் இன்னொன்று, ஆக 46. ஓட்டு எங்கே குவிந்தது என்பதுதான் சங்கதி.

வகுத்தல் இது: முதலிரண்டு பேருக்கும் இடையிலான வித்தியாசத்தை மூன்றாமவர் வாங்கிய ஓட்டால் வகுக்க வேண்டும். விடை 1ஐத் தாண்டினால் விஷயம் முடிந்தது, அவர் ஓட்டு மொத்தமும் தோற்றவருக்கே போயிருந்தாலும் முடிவு மாறியிருக்காது. 1க்குக் கீழே வந்தால், முடிவு மாற மூன்றாமவரின் ஆதரவாளர்களிடம் தோற்றவர் பக்கம் எவ்வளவு நிகரச் சாய்வு தேவை என்பதை அந்த எண் சொல்லும். நிகரம் என்ற சொல் முக்கியம். மூன்றாமவர் களத்தில் இல்லையென்றால் அவருடைய ஆதரவாளர்கள் நூறு பேரில் 40 பேர் ஓட்டே போடாமல் இருக்கலாம், 35 பேர் ஒருவருக்கும் 25 பேர் மற்றவருக்கும் போகலாம். அப்போது நிகரச் சாய்வு 10 சதவீதம்தான், 35 அல்ல. கட்டுரை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வழுக்கி விழுவது இங்கேதான்.

ஃப்ளோரிடா, 2000. புஷ் 29,12,790. கோர் 29,12,253. வித்தியாசம் 537. பசுமைக் கட்சியின் நேடர் வாங்கியது 97,488. வகுத்தால் அரை சதவீதத்தைச் சற்றே தாண்டுகிறது. நேடர் ஆதரவாளர்களிடம் கோர் பக்கம் அவ்வளவு சின்னச் சாய்வு இருந்திருந்தாலே முடிவு மாறியிருக்கும். ஆகவே அங்கே கவலை நியாயமானது, பூச்சாண்டி இல்லை. அதே வாக்குச் சீட்டில் இருந்த சோஷலிஸ்ட் வொர்க்கர்ஸ் கட்சிக்கு விழுந்தது 562 ஓட்டு. அதுவும் 537ஐ விட அதிகம்! வித்தியாசம் இவ்வளவு நூலிழையாகும்போது யாரையும் காரணமாகக் காட்டலாம். பாம் பீச் மாவட்டத்தின் வண்ணத்துப்பூச்சிச் சீட்டும் அப்படித்தான். பெயர்கள் இரண்டு பக்கமும், துளைகள் நடுவிலும் இருந்ததால் இரண்டாவது துளை இன்னொரு சிறு கட்சி வேட்பாளர் ப்யூகேனனுக்கு, மூன்றாவது கோருக்கு. ப்யூகேனனுக்கு அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் 3,407 ஓட்டு. இரண்டு துளை போட்டுச் செல்லாமல் போனவை ஏறத்தாழ 19,000.

இனி 2016. டிரம்ப் கிளிண்டனை வென்ற மிச்சிகனில் வித்தியாசம் 10,704, பசுமைக் கட்சியின் ஜில் ஸ்டைன் 51,463. வகுத்தால் 21 சதவீதம். விஸ்கான்சினில் 22,748ஐ 31,072ஆல் வகுத்தால் 73 சதவீதம். பென்சில்வேனியாவில் 44,292, 49,941. கிட்டத்தட்ட 89 சதவீதம். வெற்றிக்கு வேண்டிய 270 தேர்வாளர் வாக்கைக் கிளிண்டன் தொட மூன்று மாநிலங்களும் வேண்டியிருந்தன. தேர்தல் முடிவின்படி அவர் கையில் 232. பென்சில்வேனியாவின் 20ஐயும் மிச்சிகனின் 16ஐயும் சேர்த்தாலும் 268தான். பென்சில்வேனியாவில் ஸ்டைனுக்குப் போட்டவர்களில் ஒருவர்கூட வீட்டில் தங்காமல், நூற்றுக்கு 94 பேர் கிளிண்டனுக்கே போயிருக்க வேண்டும். நடக்கிற காரியம் இல்லை. போதாததற்கு அதே மாநிலத்தில் லிபர்டேரியன் கட்சியின் கேரி ஜான்சன் 1,46,715 வாங்கினார், ஸ்டைனைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. ஒருவரைக் கணக்கில் சேர்த்து மற்றவரை விட்டுவிட்டால் அது கணக்கு ஆகாது.

உங்கள் மிச்சிகனில் 2024 வித்தியாசம் 80,103, ஸ்டைன் 44,607. விடை 1.8. அந்த ஆண்டு, அந்த மாநிலத்தில் அவரால் முடிவு மாறவில்லை.

ஏட்டுச்சுருள்:

கணக்கன் சொன்னதை வைத்து ஒரு வாசிப்பு முறை சொல்கிறேன். செய்தியையும் புத்தகத்தையும் ஒரே வேளையில் வைக்காதீர்கள், இரண்டும் கெடும். செய்தி காலையில் கால் மணி நேரம். இரவு அரை மணி நேரத்தை நாவலுக்கோ கவிதைக்கோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தேர்தல் ஆவணங்களுக்கு வாரத்தில் ஒரு காலைப் பொழுது போதும். அவை ஓடிப்போகாது.

முதல் வாரம் அமெரிக்க அரசமைப்பின் இரண்டாம் பிரிவில் முதல் உட்பிரிவும், 1804இல் நிறைவேறிய 12ஆவது திருத்தமும். இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பது அந்தத் திருத்தத்தில்தான் இருக்கிறது. முதல் மூன்று பேரில் ஒருவரைப் பிரதிநிதிகள் சபை தேர்ந்தெடுக்கும். உறுப்பினருக்கு ஒரு ஓட்டு கிடையாது, மாநிலத்துக்கு ஒரு ஓட்டு, இன்றைக்கு 26 வேண்டும். கலிஃபோர்னியாவுக்கும் வயோமிங்குக்கும் சம எடை. 1824 தேர்தலில் ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு 99, ஆடம்ஸுக்கு 84 தேர்வாளர் வாக்கு, இருந்தும் சபை ஆடம்ஸைத் தேர்ந்தெடுத்தது. மூன்றாம் வேட்பாளரைப் பற்றிய பெரிய பயம் ஓட்டுப் பிரிவதோடு நிற்பதில்லை என்று அப்போது புரியும்.

அடுத்து முடிவுகள். மாநிலத்தில் தேர்தலைக் கவனிக்கும் மாநிலச் செயலர் அலுவலகம் சான்றளித்த இறுதி முடிவையே எடுங்கள். தேர்தல் இரவு எண்கள் வேண்டாம், தபால் ஓட்டும் தற்காலிக ஓட்டும் (தகுதியைச் சரிபார்த்த பிறகே எண்ணுவது) பிறகு சேரும். நோட்டில் நான்கு பத்தி போதும்: மாநிலம், வித்தியாசம், மூன்றாமவர் ஓட்டு, வகுத்த விடை. ஒவ்வொரு மூன்றாமவருக்கும் தனி வரி. பென்சிலில் எழுதுங்கள், மறு எண்ணிக்கை வந்தால் மாற்ற வேண்டியிருக்கும்.

கருத்துக்கணிப்பு படிக்கும்போது கவனிக்க வேண்டியவை வேறு. கேள்வியில் இரண்டு பெயர் மட்டும் கேட்டார்களா, எல்லாப் பெயரும் கேட்டார்களா என்று முதலில் பாருங்கள், இரண்டையும் ஒப்பிடக் கூடாது. மூன்றாமவர் எண் கோடையில் உப்பி நவம்பரில் வற்றும். 2016இல் ஜான்சன் கோடைக் கணிப்புகளில் 8, 9 சதவீதம் காட்டினார், முடிவில் 3.3தான். ‘இவர் ஆதரவாளர்களின் இரண்டாவது தேர்வு யார்’ என்ற தலைப்பில் கட்டுரை வந்தால் உடனே எத்தனை பேரைக் கேட்டார்கள் என்று தேடுங்கள். 800 பேர் கணிப்பில் 3 சதவீதம் என்றால் 24 பேர். அந்த 24 பேரின் பதிலில் பிழை வரம்பு கூட்டியோ குறைத்தோ 20 புள்ளி. அதை வைத்து எழுதிய தலைப்பை நம்பி மனம் கலங்க வேண்டியதில்லை.

இதில் சுவையான வாசிப்பும் உண்டு. காங்கிரஸ் நூலகம் பழைய அமெரிக்க நாளிதழ்களை ஸ்கேன் செய்து இலவசமாக வைத்திருக்கிறது. 1912 அக்டோபர் 15ஆம் தேதிப் பத்திரிகைகளை எடுத்துப் பாருங்கள். அதற்கு முந்தைய நாள் மில்வாக்கியில், மூன்றாம் கட்சி வேட்பாளராக நின்ற முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் நெஞ்சில் சுடப்பட்டார். சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த 50 பக்கப் பேச்சும் இரும்புக் கண்ணாடிக்கூடும் குண்டின் வேகத்தைக் குறைத்தன. மேடையேறி அந்தப் பேச்சைப் பேசிவிட்டுத்தான் மருத்துவமனைக்குப் போனார். பதவியில் இருந்த டாஃப்டை மூன்றாமிடத்துக்குத் தள்ளி 88 தேர்வாளர் வாக்கு வாங்கியவர் அவர். டாஃப்டுக்கு 8. வில்சன் 41.8 சதவீதத்தில் 435 எடுத்தார். ஓட்டுப் பிரிவதன் உச்சம் எப்படி இருக்கும் என்று அன்றன்றைய பத்திரிகையிலேயே படிக்கக் கிடைப்பது பெரிய வாய்ப்பு.

வடலி:

இலங்கைச் சனாதிபதித் தேர்தலில் வாக்களித்த ஆட்களுக்கு இதுக்கொரு தீர்வு ஏற்கெனவே பழக்கம். சீட்டில் 1, 2, 3 எண்டு விருப்பு வாக்குப் போடலாம். ஒருவரும் பாதியைத் தாண்டாவிட்டால் முதலிரண்டு பேரை விட்டுவிட்டு மற்ற எல்லாரையும் ஒரேயடியாக நீக்கி, அவர்களின்ர சீட்டில் இருக்கிற அடுத்த விருப்பை எண்ணுவினம். 2024 செப்டம்பரில்தான் முதன்முறையாக அந்த இரண்டாம் எண்ணிக்கை தேவைப்பட்டது.

அமெரிக்காவில மெயின் மாநிலம் இதே போன்ற முறையை வைத்திருக்கு. 2018இல் பிரதிநிதிகள் சபைத் தேர்தலில், அங்கத்தைய இரண்டாம் தொகுதியில், முதல் சுற்றில் குடியரசுக் கட்சியின்ர போலிக்வின் 1,34,184, சனநாயகக் கட்சியின்ர கோல்டன் 1,32,013. சுயேச்சைகள் இரண்டு பேருக்கும் சேர்த்து 23,000 வரை. அவர்களை நீக்கி அடுத்த விருப்பை எண்ண, கோல்டன் 1,42,440க்கு 1,38,931 எண்டு வென்றார். 8,000க்கும் மேற்பட்ட சீட்டுகளில் எஞ்சிய இரண்டு பேருக்கும் விருப்பு இல்லாமல் போனதையும் பாருங்கோ. முறை நல்லது, ஆனால் ஒரு பெயரோட நிறுத்திக்கொண்டால் அந்தச் சீட்டு பாதியிலேயே நிண்டுவிடும். அங்கே பிழைக்கிற இன்னொரு இடம்: இரண்டு பேருக்கு ஒரே எண் போட்டால் அந்த இடத்தோட சீட்டு செல்லாது. ஒரு எண்ணைத் தவறவிட்டால் பரவாயில்லை, அடுத்தடுத்து இரண்டைத் தவறவிட்டால் அதோட முடிஞ்சுது.

செம்பருத்தி:

கணக்கன் அண்ணா, ஏட்டுச்சுருள் ஐயா, வடலி, மிக்க நன்றி. நோட்டில் பத்தி போட்டாயிற்று. மிச்சிகன் சீட்டில் மூன்றாமவருக்குப் போட நினைப்பவர் எங்கே தவறுவார் என்று யாராவது சொல்ல முடியுமா? விலகியவர் பெயர் சீட்டில் இருந்தால் என்ன செய்வது?

ஓட்டுப்பெட்டி:

மிச்சிகன் சீட்டின் மேலே கட்சிக்கு மொத்தமாகப் போடும் கட்டம் உண்டு. அதில் ஒரு கட்சியைக் குறித்துவிட்டு, அதிபர் பதவிக்கு மட்டும் வேறு கட்சிக்காரரைக் குறித்தால் செல்லும். அந்தப் பதவிக்கு நீங்கள் தனியாகக் குறித்ததே எண்ணப்படும். மொத்தக் கட்டத்தில் இரண்டு கட்சியைக் குறித்தால் அந்தக் கட்டம் செல்லாது. நீதிபதி, பள்ளிக் குழு போன்ற கட்சி சாராத பகுதி இந்தக் கட்டத்தில் அடங்காது, சீட்டின் பின்பக்கத்தையும் திருப்பித் தனியாகக் குறிக்க வேண்டும்.

பெயர் எழுதிப் போடும் கோட்டில் யார் பெயரையும் எழுதிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். முன்கூட்டியே விருப்ப மனு கொடுத்தவருக்கு எழுதினால்தான் எண்ணுவார்கள். ஒக்லஹோமாவிலும் தெற்கு டகோட்டாவிலும் அந்தக் கோடே கிடையாது.

விலகியவர் விஷயம் 2024இல் நடந்தது. சுயேச்சையாக நின்ற ராபர்ட் எஃப். கென்னடி ஜூனியர் ஆகஸ்ட் 23 அன்று பிரசாரத்தை நிறுத்தினார். மிச்சிகனிலும் விஸ்கான்சினிலும் பெயரை எடுக்க முடியவில்லை, அக்டோபர் இறுதியில் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. மிச்சிகனில் 26,000க்கு மேல் ஓட்டு அவருக்கு விழுந்தது. வட கரோலினாவில் நீதிமன்றம் எடுக்கச் சொன்னதால் அச்சடித்த லட்சக்கணக்கான சீட்டுகள் வீணாகி, தபால் சீட்டு அனுப்புவது இரண்டு வாரம் தள்ளிப்போனது. ராணுவத்தினருக்கும் வெளிநாட்டில் இருப்போருக்கும் தேர்தலுக்கு 45 நாள் முன்பே சீட்டை அனுப்பிவிட வேண்டும் என்று மத்தியச் சட்டம் சொல்வதால்தான் இந்த நெருக்கடி. கெடு விஷயத்தில் மிச்சிகன் கறார். 2012இல் கேரி ஜான்சன் குடியரசுக் கட்சி முதனிலைத் தேர்தலிலிருந்து விலகும் மனுவை மூன்று நிமிடம் தாமதமாகக் கொடுத்ததால், லிபர்டேரியன் வேட்பாளராக அங்கே சீட்டில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை.

ஆகவே செப்டம்பர் கடைசியில் மாநிலச் செயலர் தளத்தில் உங்கள் முகவரிக்கான மாதிரிச் சீட்டை இறக்கி, பேனாவோடு ஒருமுறை முழுதாகப் படியுங்கள். சாவடியில் இயந்திரத்தில் போடும்போது ஒரே பதவிக்கு இரண்டு குறி இருந்தால் அது எச்சரிக்கும், புதுச் சீட்டு கேட்டு வாங்கலாம். தபாலில் அனுப்பிய சீட்டில் அந்த வாய்ப்பு இல்லை. உறையை ஒட்டுவதற்கு முன் நீங்களே இரு பக்கமும் பார்த்துவிடுங்கள்.